கரடி பேசவில்லை, வகுப்பு பேசுகிறது

வயதான கரடி ஒன்று தனியாக ஒரு வீட்டில் இருக்கிறது. தகரத்தையும் பற்சக்கரங்களையும் வைத்துச் சின்னச் சின்ன இயந்திரப் பொம்மைகள் செய்து, அவற்றை ஒரு பெட்டிக்குள் பொருத்துகிறது. பெட்டியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் மணியடிக்கிறது. ஒரு குட்டிக் கரடி காசைப் போட்டுவிட்டு, நம்மூர்த் திருவிழாவில் பிள்ளைகள் பயாஸ்கோப் பெட்டி பார்ப்பதுபோலத் துளையில் கண்ணை வைக்கிறது. உள்ளே ஓடுவது அந்தக் கிழக் கரடியின் கதைதான். மனைவி, பிள்ளையோடு வாழ்ந்த வீடு, தடிகளோடு வந்து இழுத்துச் சென்ற சர்க்கஸ்காரர்கள், கூடாரத்துக்குள் கழிந்த அடிமை வாழ்வு, அங்கிருந்து தப்பித்து வீடு திரும்பியது எல்லாம் அதில் வருகின்றன.

சிலி நாட்டு இயக்குநர் கப்ரியேல் ஒசோரியோ 2014இல் எடுத்த இந்தக் குறும்படத்தின் பெயர் ‘இஸ்தோரியா தே உன் ஓசோ’, அதாவது ஒரு கரடியின் கதை. பத்து நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். 2016இல் ஆஸ்கர் விருது பெற்றது. சிலி நாட்டுப் படமொன்று ஆஸ்கர் வாங்கியது அதுவே முதல் முறை. படம் முழுவதிலும் ஒரு வசனம்கூடக் கிடையாது. அப்படியிருந்தும் ஸ்பானிய மொழி ஆசிரியர்கள் இதை விரும்பி வகுப்பில் போடுகிறார்கள். காரணம் எளிது. திரையில் இருப்பவர்கள் பேசாததால் பெஞ்சில் இருப்பவர்கள் பேசியாக வேண்டும். அனிமேஷன் படங்களை மொழி வகுப்பில் பயன்படுத்துவதன் பலம் இங்கேதான் இருக்கிறது. மாணவரிடம் சொல்வதற்கு ஒரு விஷயத்தைக் கொடுத்துவிட்டால், அதைச் சொல்வதற்கான இலக்கணத்தை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஸ்பானிய மொழி கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இறந்தகாலம். நீடித்து நடந்துகொண்டிருந்த நிலையைச் சொல்ல ஒரு வடிவம். ஒருமுறை நடந்து முடிந்ததைச் சொல்ல வேறு வடிவம். கரடி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது, பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தது என்பதற்கு முதல் வடிவம். ஒருநாள் வந்தார்கள், அடித்தார்கள், கொண்டுபோனார்கள் என்பதற்கு இரண்டாவது. பாடப்புத்தகத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பும்போது இந்த வேறுபாடு வெறும் விதியாகத்தான் தெரியும். கரடியை இழுத்துச் செல்வதைத் திரையில் பார்த்த பிறகோ, எந்த இடத்தில் ஒரு வினை நின்று மற்றொன்று தொடங்குகிறது என்பதை மாணவர் கண்ணாலேயே பிடித்துக்கொள்கிறார்.

கதை அதோடு முடிவதில்லை. 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. குடியரசுத் தலைவர் சால்வதோர் அயேந்தே அன்றே மாண்டார். இராணுவத் தளபதி பினோசெத்தின் சர்வாதிகாரம் தொடங்கியது. இயக்குநரின் தாத்தா அந்த ஆட்சியில் சிறைப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர். பேரன் எடுத்த படம் அந்தக் குடும்பப் பிரிவிலிருந்து பிறந்தது. இதைப் படத்துக்கு முன்னால் சொல்லிவிடும் ஆசிரியர் பாதி விளைவை இழக்கிறார். முதலில் கரடியின் கதையாகவே பார்க்க விட வேண்டும். பிறகு அந்தச் சர்க்கஸ்காரர்கள் யாராக இருக்கலாம் என்று கேட்க வேண்டும். பெட்டிக்குள் ஓடும் கதையில் குடும்பம் மறுபடியும் ஒன்றுசேர்கிறது, கிழக் கரடியின் உண்மையான வீட்டிலோ யாருமே இல்லை. இதை முதல் முறை பார்க்கும்போது பலர் கவனிப்பதில்லை. இரண்டாம் முறை பார்ப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

பண்பாட்டுப் பாடம் என்றதும் பெரும்பாலான பள்ளிகள் எடுப்பது பிக்ஸாரின் ‘கோகோ’ படத்தைத்தான். 2017 அக்டோபரில், அமெரிக்காவுக்கும் முன்பாக மெக்ஸிகோவில் வெளியாகி அங்கே வசூலில் சாதனை படைத்தது. நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோரை வீட்டுக்கு அழைத்துப் படையல் வைக்கும் நாள்தான் கதையின் களம். படையல் மேடையில் புகைப்படங்கள், வெட்டுக் காகிதத் தோரணங்கள், ரொட்டி, பிடித்த பண்டங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆவிகளுக்கு வழிகாட்டக் கொட்டிவைத்த மஞ்சள் பூவும் உண்டு. அந்தப் பூ தமிழர் மாலைகளில் கட்டும் செண்டுமல்லிதான். மெக்ஸிகோவிலிருந்து உலகம் சுற்றி வந்த செடி அது. பாட்டி, பூட்டி, ஓட்டி என்று மேலே மேலே போகும் உறவுப் பெயர்களைச் சொல்லித்தர இதைவிட நல்ல படம் கிடையாது. ஆங்கிலப் பதிப்பை வகுப்பில் போடுவதில் பொருளில்லை. ஸ்பானியப் பதிப்பில் எக்தோர் பாத்திரத்துக்கு, ஆங்கிலத்தில் பேசிய அதே நடிகர், மெக்ஸிகோவின் காயெல் கார்சியா பெர்னால், சொந்த மொழியிலேயே குரல் கொடுத்திருக்கிறார்.

ஆனால் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு மெக்ஸிகோவை அறிந்துகொண்டோம் என்று மாணவர் நினைக்கும் ஆபத்து உண்மையானது. படத்தில் ஆவியுலகில் பறக்கும் வண்ண விலங்குகளான அலெப்ரிஹேக்கள் அந்த விழாவின் மரபில் வந்தவை அல்ல. மெக்ஸிகோ நகரத்தில் காகிதக்கூழ் உருவங்கள் செய்துவந்த பெத்ரோ லினாரெஸ் என்ற கைவினைஞர் 1930களில் நோயுற்றிருந்தபோது கனவில் கண்டதாகச் சொல்லி உருவாக்கியவை அவை. பிறகுதான் வாகாக்கா மாநிலத்து மரச்சிற்பிகள் கைக்குப் போயின. இரண்டையும் இணைத்தது படத்தின் கற்பனை. இப்படிப்பட்ட இடங்களில் ஆசிரியர் படத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எது மரபு, எது திரைக்கதை என்று மாணவரையே ஸ்பானிய மொழியில் தேடிப் படிக்கச் சொன்னால் அது அருமையான வாசிப்புப் பயிற்சி ஆகிவிடும்.

அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு சண்டையும் உண்டு, அதுவும் பாடம்தான். 2013இல் பிக்ஸாரின் உரிமையாளரான டிஸ்னி நிறுவனம் அந்த விழாவின் பெயரையே வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அப்போது அதைக் கண்டித்துக் கார்ட்டூன் வரைந்தவர்களில் ஒருவர் லாலோ அல்கராஸ்; பிறகு அவரையே படத்தின் பண்பாட்டு ஆலோசகர்களில் ஒருவராக நிறுவனம் அழைத்துக்கொண்டது. ஒரு சமூகத்தின் விழா யாருக்குச் சொந்தம் என்று விவாதிக்க இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை.

ஸ்பானியம் ஒரே ஒலியுள்ள மொழி அல்ல என்பதும் காதில் விழ வேண்டும். 1991இல் வந்த ‘அழகியும் அரக்கனும்’ படத்துக்குத்தான் டிஸ்னி முதன்முறையாக ஸ்பெயினுக்கென்று தனிக் குரல்பதிவு செய்தது. அதற்கு முந்தைய பல ஆண்டுகளாக ஸ்பெயின் நாட்டுக் குழந்தைகளும் லத்தீன் அமெரிக்க உச்சரிப்பிலேயே டிஸ்னி படங்களைக் கேட்டு வளர்ந்தார்கள். ஆர்ஜெண்டினாவின் ஹுவான் ஹோசே காம்பனெல்லா 2013இல் எடுத்த ‘மெதேகோல்’, மேசைக் கால்பந்து பொம்மைகளின் கதை. ஆர்ஜெண்டினாவில் ‘நீ’ என்பதற்கு வேறு சொல், அதற்கேற்ப வேறு வினைவடிவம். அதே படம் ஸ்பெயினுக்குப் போனபோது தலைப்பும் ‘புட்போலீன்’ ஆனது. ஒரே காட்சியை இரண்டு பதிப்புகளிலும் இரண்டிரண்டு நிமிடம் போட்டாலே போதும். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இந்த முறையில் அடிக்கடி நேரும் குறை, முழுப் படத்தையும் ஓடவிட்டு வகுப்பை இருட்டில் உட்காரவைப்பது. ஒன்றரை மணி நேரம் சிரித்துவிட்டுக் கலைந்து போகும் மாணவருக்குக் கதை நினைவிருக்கும், மொழி நினைவிருக்காது. பத்து நிமிடக் குறும்படமே சிறந்தது. பெத்ரோ சொலீஸ் இயக்கி 2014இல் ஸ்பெயினின் கோயா விருதைப் பெற்ற ‘குவெர்தாஸ்’ இதற்கு நல்ல சான்று. மூளை முடக்குவாதத்தால் அசைய முடியாத சிறுவனின் கைகால்களைக் கயிற்றால் கட்டி அவனோடு விளையாடும் மரியா என்ற சிறுமியின் கதை அது. இயக்குநரின் மகனும் மகளும்தான் தூண்டுதல். மரியா ஓயாமல் பேசுகிறாள், கேட்கிறாள், இதைச் செய் அதைச் செய் என்கிறாள். முதலில் ஒலியில்லாமல் காட்டி அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எழுதவைத்துவிட்டு, பிறகு ஒலியோடும் ஸ்பானிய வசன எழுத்துகளோடும் காட்டினால், ஒவ்வொரு ஏவல் வினையையும் மாணவர் காத்திருந்து பிடிப்பார். தாய்மொழியில் வசன எழுத்து போட்டால் கண் அதிலேயே நின்றுவிடும், காது வேலை செய்யாது.

அனிமேஷன் என்றாலே சிறுவர் சமாசாரம் என்ற எண்ணத்தையும் களைய வேண்டும். பாக்கோ ரோக்காவின் சித்திரக்கதையிலிருந்து 2011இல் உருவான ‘அர்ருகாஸ்’ முதியோர் இல்லத்தையும் மறதி நோயையும் பற்றியது. பெர்னாண்டோ த்ருவேபாவும் ஹாவியேர் மாரிஸ்காலும் தொனோ எர்ராந்தோவும் சேர்ந்து இயக்கிய ‘சிகோவும் ரீத்தாவும்’ 1940களின் ஹவானாவில் ஒரு பியானோக் கலைஞனின் காதலைச் சொல்கிறது.

மேல்நிலை மாணவர்களுக்கு இன்னும் பொருத்தமானது சால்வதோர் சிமோவின் 2018ஆம் ஆண்டுப் படம் ‘புனுவெல் ஆமைகளின் புதிர்ப்பாதையில்’. ஸ்பெயினின் லாஸ் உர்தெஸ் மலைப்பகுதி வறுமையைப் பற்றி 1933இல் இயக்குநர் லூயிஸ் புனுவெல் ஆவணப்படம் எடுத்த கதை. லாட்டரியில் பரிசு விழுந்தால் பணம் தருகிறேன் என்று சொன்ன நண்பர் ரமோன் அசீனுக்கு உண்மையிலேயே பரிசு விழுந்தது, அந்தப் பணத்தில்தான் படம் எடுக்கப்பட்டது. மலை ஆடு ஒன்று பாறையிலிருந்து தானாகத் தவறி விழுவதாகக் காட்ட, சுட்டு வீழ்த்தினார்கள். சிமோ வரைந்த காட்சிகளுக்கு நடுவே புனுவெல் எடுத்த மூலக் காட்சிகளும் வருகின்றன. உண்மையைக் காட்ட உண்மையைத் திருத்தலாமா என்று வகுப்பு இங்கே இரண்டாகப் பிரியும். ‘அது சரியென்று நான் நினைக்கவில்லை’ என்று ஸ்பானியத்தில் சொல்ல வேண்டுமானால் சுப்ஹுன்தீவோ என்ற வினைவடிவம் இல்லாமல் முடியாது. அந்த வாதம் சூடுபிடித்த பிறகு, அடுத்த வகுப்பில் ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடும் 1933ஆம் ஆண்டுப் படத்தையே போட்டுவிடலாம்.