கொடியின் பேச்சு
(பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பமொன்றில் ஆற்றிய உரை)



கொடி என்பது உங்களுக்குப் புதிய சரக்கல்ல. கடலில் விட்ட வலை எங்கே கிடக்கிறது என்று காட்ட மிதப்பில் ஒரு கழி நடுகிறீர்கள். கழியில் ஒரு துணி கட்டுகிறீர்கள். "இது இன்னாருடையது" என்று தூரத்தில் இருப்பவனுக்குச் சொல்வதே கொடியின் முதல் வேலை. ராஜாக்கள் செய்ததும் இதைத்தான். சோழனுக்குப் புலி, சேரனுக்கு வில், பாண்டியனுக்கு மீன். மீனைப் பிடித்தவன் நம்மவன். அதைக் கொடியில் போட்டுக்கொண்டவன் பாண்டியன்!

இனி, இதே ஊரில் உள்ள டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். வாசல் தூண்களில் எலும்புக்கூடுகள் நிற்குமே, அந்த இடம்தான். உள்ளே கருங்கல் பலகைகளில் கேடயமும், கேடயத்தின்மேல் இரும்புத் தலைக்கவசமும், அதன் உச்சியில் ஒரு சின்னமும், இருபுறமும் கிழிந்து தொங்கும் துணி போன்ற செதுக்கலும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் அதைப் பூவேலை என்று நினைக்கிறார்கள். பூவேலை அல்ல. அது குலமுத்திரை.

ஐரோப்பாவில் 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரபுக்கள் முகம் தெரியாமல் இரும்பு மாட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். உள்ளே இருப்பவன் யாரென்று தெரிய வேண்டாமா? கேடயத்தில் அடையாளம் எழுதினார்கள். கவசத்துக்கு மேல் போட்ட அங்கியிலும் அதையே தைத்தார்கள். ஆங்கிலத்தில் இந்த முத்திரைக்கு இன்றும் அங்கியின் பேர்தான் வழங்குகிறது. பிறகு அது பரம்பரைச் சொத்தாயிற்று. சிவப்புக்கும் நீலத்துக்கும் கறுப்புக்கும்கூடப் பழைய பிரெஞ்சிலிருந்து தனிப் பேர் வைத்துக்கொண்டார்கள், பாமரனுக்குப் புரியக்கூடாது என்பது போல!

ஆனால் அவர்களுடைய ஒரு விதி நல்ல விதி. பொன்னும் வெள்ளியும் உலோகம், மற்றவை வர்ணம். வர்ணத்தின்மேல் வர்ணம் வைக்காதே, உலோகத்தின்மேல் உலோகம் வைக்காதே என்பார்கள். தூரத்தில் தெரியாது, அவ்வளவுதான் காரணம். நம் செங்கொடியைப் பாருங்கள்: சிவப்பின்மேல் வெள்ளை அல்லது மஞ்சள். எந்தப் பிரபுவிடமும் பாடம் கேட்காமலே விதி சரியாக விழுந்திருக்கிறது.

இந்தக் கல்லறைக்காரர்கள் எத்தனை பேர் வாளெடுத்த பிரபுக்கள்? பெரும்பாலும் கம்பெனி வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும்தான். ஹாலந்தில் யார் வேண்டுமானாலும் முத்திரை வைத்துக்கொள்ளலாம். பணம் சேர்ந்தவன் வைத்துக்கொண்டான். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அதற்குத் தலைமையிடம் இதுவே. கம்பெனிக்கும் ஒரு முத்திரை உண்டு: பெரிய 'வி' எழுத்து, அதன் இரு கால்களிலும் 'ஓ', 'சி'. காசில் அதுதான், கொடியிலும் அதுதான். அந்தக் கொடியின் கீழ் துணி போயிற்று, மனிதர்களும் போனார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் பட்டினியால் விலைபோன ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றி பட்டேவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். விற்றவனுக்குக் கருங்கல்லில் கேடயம் இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

செங்கொடியின் கதை வேறு. பிரான்சில் 1789-இல் போட்ட சட்டப்படி அது சர்க்காரின் கொடி. கூட்டம் கலையாவிட்டால் சுடுவோம் என்பதற்கு அடையாளமாகச் சிவப்புத் துணியைத் தூக்குவார்கள். 1791 ஜூலை 17 அன்று பாரிஸில் அப்படித்தான் ஜனங்களைச் சுட்டார்கள். சுடப்பட்டவர்களின் பக்கம் அந்தத் துணியையே பிடுங்கி எடுத்துக்கொண்டது. 1831-இல் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகள் தூக்கினார்கள். 1871-இல் பாரிஸ் கம்யூன் தூக்கியது. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தில் அதை ஏற்றியவர் சிங்காரவேலர். அவர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது இந்தக் குப்பத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"சுத்தியல் ஆலைக்காரனுக்கு, அரிவாள் உழவனுக்கு, எங்கள் துடுப்பும் வலையும் எங்கே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1918-இல் ரஷ்யாவில் அந்தச் சின்னத்தைத் தேர்ந்தபோது அந்த நாட்டின் இரு பெரும் உழைப்பாளிக் கூட்டங்களைக் குறித்தார்கள். சோவியத் கொடி 1991 டிசம்பரில் கிரெம்ளினிலிருந்து இறங்கியது, சின்னம் இறங்கவில்லை. மற்ற நாட்டார் தம் கருவியைப் போட்டுக்கொண்டார்கள். அங்கோலாக் கொடியில் பாதிப் பல்சக்கரமும் வெட்டுக் கத்தியும். மொசாம்பிக் கொடியில் மண்வெட்டி. ஆகவே பெரியவரே, உங்கள் சங்கப் பலகையில் துடுப்பை எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. வெள்ளையில் எழுதுங்கள், தூரத்தில் தெரியும்.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து நிற்கிறோம். கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும், ஏரி சாகும் என்ற பயம் கற்பனையல்ல. போராட்டத்துக்குக் கொடி தைக்கப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. கம்பத்தை ஒட்டிய ஓரம் வேறு, காற்றில் ஆடும் ஓரம் வேறு. உப்புக் காற்றில் முதலில் கிழிவது ஆடும் ஓரம். அங்கே இரட்டை மடிப்பாக மடித்துத் தையுங்கள். கம்பத்தோரத்தில் கயிற்றை உள்ளே வைத்துத் தைத்தால் படகில் கட்டவும் சுலபம்.