புள்ளியும் கோடும்

ஒரே அலைவரிசையில் இருவர் ஏககாலத்தில் பேசினால் கேட்பவருக்கு இரண்டும் தெளிவுறா. இவ்விடையூற்றைப் புள்ளிக் கோலம்போல வரைந்து பார்க்கலாம். ஒவ்வொரு வானொலிக் கருவியும் ஒரு புள்ளி. ஒன்றையொன்று குழப்பும் இரண்டினிடையே ஒரு கோடு. கோட்டால் இணைந்தவற்றுக்கு வெவ்வேறு நிறம் தீட்டுக, நிறமே அலைவரிசை. வில்லியம் ஹேல் என்பார் 1980இல் அலைவரிசைப் பங்கீட்டை இத்தகைய கணக்காக வகுத்துரைத்தார்.

கோட்டை எங்கே இடுவது? அங்கேதான் சிக்கல். திருக்கோணமலைத் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். கப்பல்கள் பேசும் வீ.எச்.எஃப். அலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. ஒஸ்டன்பேர்க் மேட்டின் இருபுறமும் நிற்கும் இரு வள்ளங்கள் அருகிலிருந்தும் ஒன்றையொன்று கேளாதிருக்கலாம். குழப்பமில்லை என்று கோடிடாது விட்டுவிடத் தோன்றும். அது பிழை! மேட்டின்மேல் இருப்பவர் இருவரையும் கேட்பார். ஒருவர் பேசுவதறியாமல் மற்றவரும் பேசத் தொடங்க, வலிய அலை மெலியதை விழுங்கிவிடும். பேசுபவரிடையே உள்ள தூரத்தை அளந்து பயனில்லை. கேட்பவர் செவியிலிருந்தே கோடு பிறக்கவேண்டும்.

156.8 மெகாஹேர்ட்ஸில் உள்ள 16ஆம் அலைவரிசையிலோ எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே நிறம். அங்கே நிறம் மாற்ற வழியில்லை. அழைத்தவுடன் வேறு அலைவரிசைக்கு விலகிப் பேசுமாறு மாலுமிகளைப் பணிப்பது இதனாலேயே. தொலைக்கடலில் கவிழும் வள்ளத்தின் மெலிந்த குரல் அந்த அலைவரிசையில்தான் வரும்.