இளையோர் நாவல்களும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நூலகப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)

 

"நாடகத்துக்கு வேடம் போட்டு முடியும் வரையில் நூலகத்தைப் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நம் நூலகம் என்பது சங்க அறையில் நிற்கும் இரண்டு இரும்பு அலமாரிகள். ஒன்றில் தமிழ் நூல்கள். மற்றொன்றில் ஆங்கில நூல்கள். ஞாயிறுதோறும் மாலையில் அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பதிவேட்டுடன் அமர்ந்திருப்பது என் பணி. தமிழ் அலமாரியின் முன் நிற்போர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஆங்கில அலமாரியின் முன் நிற்போர் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதினர். ஒருவர் எடுத்துச் செல்லும் நூலை மற்றவர் திரும்பியும் பார்ப்பதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் என் பேத்தி கேட்டாள்: "பாட்டி, எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிறீங்களே, இதுல ஒண்ணாவது படிச்சிருக்கீங்களா?" எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவே ஒன்றை எடுத்து வந்தேன். இன்று வரை நாற்பதுக்கு மேல் படித்துவிட்டேன். அப்படிப் படித்ததில் எனக்குத் தோன்றியவற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இவற்றுக்கு ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' நாவல்கள் என்று பெயர். இளையோர் நாவல் என்று நாம் சொல்லலாம். சிறுவர் கதைக்கும் பெரியோர் நாவலுக்கும் நடுவே நிற்பவை அவை. நம் தலைமுறைக்கு அப்படி ஓர் இடைப்படி இருந்ததில்லை. வாண்டுமாமாவின் கதைகளைப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடை விடுமுறையில் கல்கியின் வரலாற்று நாவல்களுக்குத் தாவிவிட்டோம். சிலர் வழியில் தமிழ்வாணனின் சங்கர்லாலைச் சந்தித்திருக்கலாம். பதினைந்து வயதில் நமக்கு நேர்ந்த அச்சத்தையும் அவமானத்தையும் ஆசையையும் பற்றி நாம் படித்த நூல் எதுவும் பேசவில்லை. வீட்டிலும் எவரும் பேசவில்லை.

அமெரிக்காவில் இத்துறைக்கு வழி திறந்த நூலாகப் பலரும் குறிப்பிடுவது, 1967-ஆம் ஆண்டு வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்'. அதை எழுதிய எஸ். இ. ஹின்டன் ஒரு பெண். எழுதத் தொடங்கியபோது வயது 15. நூல் அச்சேறியபோது 18. பெண் எழுதியது என்று தெரிந்தால் விமரிசகர்கள் மதிக்கமாட்டார்கள் என்று அஞ்சிப் பதிப்பகத்தார் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போடச் செய்தார்களாம். ஏழைப் பையன்களும் செல்வர் வீட்டுப் பையன்களும் இரு கூட்டமாய் மோதிக்கொள்ளும் கதை அது. அதில் பெரியவர்களே ஏறக்குறைய இல்லை. பெற்றோர் இறந்திருக்கிறார்கள், அல்லது இருந்தும் பயனில்லாதவர்களாக இருக்கிறார்கள். அண்ணன்மார் தம்பியை வளர்க்கிறார்கள். முதலில் இதைக் கதையின் குறையாகவே கருதினேன். மேலும் பல நூல்களைப் படித்த பின்னரே எனக்கு ஒன்று விளங்கிற்று. இந்நூல்கள் இளையோரைப் பற்றியவை என்பதைக் காட்டிலும் நம்மைப் பற்றியவை என்பதே பொருந்தும். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் நாம். சாட்சி சொல்பவர்கள் பிள்ளைகள்.

2008-இல் வெளிவந்த சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலை உங்களுள் சிலர் திரைப்படமாகவேனும் பார்த்திருப்பீர்கள். வருங்கால நாடு ஒன்றில் 12 மாவட்டங்கள். ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் சீட்டுப் போட்டுத் தேர்ந்து தலைநகருக்கு அனுப்ப வேண்டும். அந்த 24 பேரும் ஒருவர் மட்டும் எஞ்சும் வரையில் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்க்கும். 'இதென்ன குரூரம்!' என்று நானும் நூலை மூடிவிடத்தான் எண்ணினேன். ஆனால் ஒரு சிறு விவரம் என்னைத் தடுத்தது. வீட்டில் பசி மிகுந்தால் பிள்ளை தன் பெயரைக் கூடுதலாக ஒரு சீட்டில் எழுதிப் போடலாம். அதற்கு ஈடாக ஒருவருக்கு ஓராண்டுக்கு வேண்டிய தானியமும் எண்ணெயும் அரைகுறையாகக் கிடைக்கும். வசதியுள்ள வீட்டில் 16 வயதுப் பெண்ணின் பெயர் 5 சீட்டுகளில் இருக்க, கதாநாயகி காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. அவள் தோழனின் பெயர் 42 சீட்டுகளில். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு இதற்கு உரை தேவையில்லை. 2025-இல் அதே வரிசையில் வந்த 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' நூலும் எனக்குப் பிடித்திருந்தது. நடந்தது ஒன்றாகவும் திரையில் காட்டப்பட்டது வேறாகவும் இருப்பதை அது நன்கு விளக்குகிறது.

எல்லாம் நல்லவை என்று நான் சொல்லவரவில்லை. 'ஹங்கர் கேம்ஸ்' வெற்றிக்குப் பின், ஒரு கொடிய அரசு, ஒரு வீரப் பெண், அவளை விரும்பும் இரண்டு ஆடவர் என்ற அச்சில் வார்த்த நூல்கள் எத்தனையோ வந்துவிட்டன. எல்லாக் கதாநாயகியரும் 'நான்' என்று நிகழ்காலத்திலேயே பேசுகிறார்கள். அட்டையைக் கிழித்துவிட்டால் எது எந்த நூல் என்று சொல்ல இயலாது. 2005-இல் வந்த 'ட்வைலைட்' பற்றி நான் சொல்லப்போவதைக் கேட்டால் இங்குள்ள பெண்கள் சிலருக்குக் கோபம் வரலாம். ஒரு பெண் உறங்கும்போது அவள் அறியாமல் இரவெல்லாம் அறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பவனை அந்நூல் காதலன் என்கிறது. நம் செக்டரில் அப்படி ஒருவன் நின்றால் நாம் வேறு பெயர் சொல்லிக் காவலரை அழைப்போம்.

ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' 2017-இல் வந்தது. அண்ணனைச் சுட்டுக் கொன்றவனைப் பழிவாங்க 15 வயதுச் சிறுவன் ஒருவன் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு லிப்டில் இறங்குகிறான். அந்த ஒரு நிமிடமே நாவல் முழுவதும். ஒவ்வொரு தளத்திலும், துப்பாக்கியால் மாண்ட ஒருவர் உள்ளே வந்து நிற்கிறார். வசன கவிதையில் எழுதியிருப்பதால் ஒரே மாலையில் படித்துவிடலாம். அவன் கடைசியில் என்ன செய்கிறான் என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. என் பேத்திக்கும் அவள் தோழிக்கும் இதனால் பெரிய வழக்கே நடந்தது.

இனி நமக்கு அருகில் உள்ள ஒரு நூலுக்கு வருகிறேன். சித்தார்த்த சர்மா எழுதி 2018-இல் வெளிவந்த 'இயர் ஆஃப் தி வீட்ஸ்'. கதை நிகழும் இடம் நாம் வாழும் இதே ஒடிசா. கோராக் என்னும் கோண்டுச் சிறுவன் தோட்ட வேலை செய்கிறான். அவன் தந்தை செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருக்கிறார். அவர்கள் தெய்வமாக மதிக்கும் மலையில் பாக்சைட் இருக்கிறது. மலையைக் கேட்டுக் கம்பெனி வருகிறது. நியமகிரி மலையில் சுரங்கம் வேண்டாம் என்று 2013-இல் 12 கிராம சபைகளும் ஒருமுகமாகத் தீர்மானித்ததை நாம் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். அந்தப் போராட்டத்தின் நிழல் இக்கதையில் விழுந்திருப்பது தெளிவு. எனினும் இது பிரசார நூலன்று. களை பிடுங்கும் ஒரு சிறுவனுடைய கண்ணின் உயரத்திலிருந்து அரசாங்கம் எப்படித் தோன்றும் என்பதைச் சிரிப்பும் கசப்புமாகச் சொல்கிறது.

இந்நூலை எடுத்துச் சென்ற பையன் ஒருவன் திருப்பித் தரும்போது என்னிடம் கேட்டான்: "ஆன்ட்டி, நம்ம குவார்ட்டர்ஸ் கட்டறதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?"

ரூர்கேலாவில் முதல் ஊதுலை 1959 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது என்பதும், மேற்கு ஜெர்மனியின் துணையால் எழுந்த ஆலை இது என்பதும் நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்தவை. இந்த ஆலைக்கும் நகருக்குமாக ஆதிவாசி மக்களின் ஊர்கள் பல எடுக்கப்பட்டன. அம்மக்கள் ஜல்டா, ஜிர்பானி போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். என் வீட்டில் இருபது ஆண்டுகள் பாத்திரம் துலக்கிய அம்மாள் ஜல்டாவிலிருந்தே வந்துகொண்டிருந்தார். அவர் ஏன் அங்கே இருக்கிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பையனுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவன் வீட்டிற்குப் போய்த் தந்தையிடமும் கேட்டிருக்கிறான். அவர் மறுநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதற்கு என்று வருந்தினார். அவர் இந்தச் சபையில் இருக்கிறார்; பேர் சொல்லமாட்டேன். அவருக்கும் எனக்கும் பகையில்லை. பதினாறு வயதில் பிள்ளைகளைக் கோட்டாவுக்கு அனுப்பி, சூத்திரங்களைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் என் பிள்ளைகளை வளர்த்தேன்.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமன், கடலியல் பயின்று எழுத்தாளரானவர். அவருடைய 'கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்' 2008-இல் வெளிவந்தது. 1941-இல் பம்பாயில் வளரும் தமிழ்ப் பெண் வித்யா. ஊர்வலத்தில் தந்தை தடியடிபட்டு முடங்கிப்போக, குடும்பம் சென்னையில் தாத்தாவின் கூட்டுக் குடும்பத்துக்குத் திரும்புகிறது. அவ்வீட்டின் மாடியில் ஒரு நூலகம். மாடி ஆண்களுக்கு உரியது. வெளியூரில் வளர்ந்து விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும் நம் பெண்கள், பாட்டி வீட்டில் தங்களுக்கு எங்கெங்கே கோடு கிழிக்கப்படுகிறது என்று அறிவார்கள். அவர்கள் இதை என்னிடம் மூன்று முறை புதுப்பித்து வாங்கிச் சென்றிருக்கிறார்கள். விபத்தில் ஒரு காலை இழந்த பரத நாட்டியப் பெண்ணைப் பற்றி அவர் எழுதிய 'எ டைம் டு டான்ஸ்' 2014-இல் வந்தது. அதில் வரும் பாட்டி சற்று அளவுக்கு மீறி நல்லவர். பாட்டிமார் அப்படியிருப்பதில்லை.

சென்னையைப் பற்றிய இக்கதைகளையும் நம் பெண்கள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது. தமிழில் முயற்சி இல்லாமல் இல்லை. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்காரம் 2020-இல் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குழந்தைகள்மீது நடக்கும் அத்துமீறலைத் துணிந்து பேசுகிறது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023-இல் பரிசு பெற்றது. 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. மூன்றையும் நம் அலமாரியில் வாங்கி வைத்திருக்கிறேன். ஆயினும் இவை பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று வயதினர்க்கு ஏற்றவை. பதினாறு வயதுப் பெண் தன் தாயோடு போடும் சண்டையைத் தமிழில் எழுதி அவள் கையில் கொடுக்கும் நாவல்கள் எத்தனை? எழுதினாலும் நம் பிள்ளைகளால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நான் உரக்கப் படிக்கிறேன். நான்கு பேர் வருகிறார்கள்.

இறுதியாக ஒரு நூல். எலிசபெத் அசெவெடோவின் 'தி போயட் எக்ஸ்'. 2018-இல் வெளிவந்து, அவ்வாண்டே அமெரிக்க தேசிய நூல் விருதும் மறு ஆண்டு இங்கிலாந்தின் கார்னகி பதக்கமும் பெற்றது. டொமினிகன் குடும்பம் ஒன்று நியூயார்க்கின் ஹார்லெமில் குடியேறி வாழ்கிறது. தாய் பக்தி மிகுந்தவர். மகள் தம் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற அச்சத்திலேயே வாழ்பவர். 15 வயது மகள் ஸியோமாரா தன் மனத்தை ஒரு குறிப்பேட்டில் கவிதையாக எழுதி வைக்கிறாள். ஒரு நாள் தாய் அதைப் படித்துவிட்டு, மகளின் கண்ணெதிரே எரித்துவிடுகிறார்.

அந்தப் பக்கத்தில் நான் நிறுத்திவிட்டேன். நான்கு நாட்கள் அந்நூலைத் தொடவில்லை.

1999-ஆம் ஆண்டு குளிர்காலம். என் மகள் பத்தாம் வகுப்பு. அவளுடைய பூகோளப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒரு நோட்டு இருந்தது. படித்தேன். அதில் ஒரு பையனின் பெயர் இருந்தது. என்னைப் பற்றியும் இருந்தது. எது என்னை அதிகமாகச் சுட்டது என்று இன்று கேட்டால் இரண்டாவது என்பேன். அன்று அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. நோட்டைக் கரி அடுப்பில் போட்டேன். அவள் அழவில்லை. சமையலறை வாயிலில் நின்று பார்த்துவிட்டு, குளித்துப் பள்ளிக்குப் போனாள். முதல் வகுப்பில் தேறினாள், வேலைக்குப் போகிறாள், இன்று இச்சபையில் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருப்பவள் அவள்தான். அதன் பின் அவள் எதையும் எழுதி நான் கண்டதில்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதுமில்லை.

ஐந்தாம் நாள் நூலைத் தொடர்ந்து படித்து முடித்தேன். அதில் தாய்க்கும் மகளுக்கும் சமாதானம் சற்று விரைவாக வந்துவிடுகிறது. இது ஆசிரியர்மீது எனக்குள்ள குறை. அது சில பக்கங்களில் தீரும் விஷயமன்று. மற்றபடி, நான் படித்த நாற்பதில் இதையே முதலில் வைப்பேன்.

விழாவுக்கு வந்திருக்கும் தாய்மார்கள் இந்நூலைக் கேட்டால் அடுத்த ஞாயிறன்று என்னால் தர இயலாது. பதிவேட்டில் அது என் மகளின் பெயரில் இருக்கிறது. திருப்பித் தரவேண்டிய நாள் கடந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. நான் இன்னும் கேட்கவில்லை.

நாடகத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.