மணி அடித்த பின்னர் வகுப்புக்குள் நுழைந்த மாணவர்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இன்று பேசுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் தோழமை. வெள்ளி விழாவில் பேசுவதற்கு இது சிறிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். பட்டம் பெற்றோர் எத்தனை பேர், வேலை பெற்றோர் எத்தனை பேர் என்பவை செயலாளர் அறிக்கையில் முறையாக இடம்பெற்றுள்ளன. அவை நம் பெருமைக்குரியவை. ஆயினும், படிக்கும் காலத்தில் நம் அருகில் அமர்ந்தவர் யார், நம்மோடு உணவைப் பகிர்ந்தவர் யார், நம்மைத் தம் வீட்டுக்குள் அழைத்தவர் யார் என்ற கணக்கு எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. அக்கணக்கையே இன்று சற்றுப் புரட்டிப் பார்க்க விரும்புகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே கோயமுத்தூரில் ஒரு மாணவர் பயின்றார். அவர் காலையில் நேரத்தோடு புறப்பட்டுவிடுவார். ஆனால் பள்ளிக்குள் செல்லமாட்டார். வெளியே எங்கேனும் ஓரிடத்தில் தங்கிப் பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பார். மணி ஒலித்து மற்றவர்கள் அமர்ந்த பிறகே வகுப்பில் நுழைவார். மாலையில் வகுப்பு முடிந்தவுடன், உடன் பயில்வோர் பேச்சுக் கொடுப்பதற்கு இடம் வைக்காமல், விரைந்து நடந்து வீடு சேர்வார். அங்குப் படித்த ஏறத்தாழ 400 பேரில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணப் பிள்ளைகள். எவரோடேனும் பழகினால் ஊர் எது, தெரு எது, குடும்பம் எது என்ற கேள்விகள் வரும். விடை தெரிந்தால் இழிவு வரும். ஆகவே அச்சிறுவர் நட்பே வேண்டாம் என்று ஒதுங்கினார்.

அவர்தாம் பின்னாளில் திவான் பகதூர் பட்டம் பெற்ற இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். நீலகிரியில் ஆங்கில வணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றியவர். 1893இல் 'பறையன்' என்ற பெயரையே தாங்கி இதழ் தொடங்கியவர். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கருடன் சென்று ஒடுக்கப்பட்டோர் சார்பில் பேசியவர். தம் வாழ்க்கைச் சுருக்கத்தை அவர் 1939இல் வெளியிட்டார். அப்போது அவர் எண்பது வயதை நெருங்கிய முதியவர். சட்டமன்றத்தையும் இலண்டனையும் கண்ட அந்த முதியவர், சிறுவர்களோடு சேர்ந்து விளையாட இயலாமற்போன துயரத்தை மறவாமல் எழுதி வைத்தார். அறுபது ஆண்டுகள் கடந்தும் ஆறாத புண் அது. சாதி நம்மிடமிருந்து நிலத்தைப் பறித்தது, நீரைப் பறித்தது என்று பேசுகிறோம். விளையாட்டுத் தோழனையும் அது பறித்தது என்பதை அப்பெரியவரின் எழுத்து நமக்கு நினைவூட்டுகிறது.

நம் தலைமுறையின் இளமையையும் இங்கே சிறிது சொல்லவேண்டும். எங்கள் வளவிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு நடந்து சென்றவர்கள் நால்வர். தூக்குப் போசியில் கம்பஞ்சோறு இருக்கும். சில நாள் அதுவும் இராது. எங்களுக்கு மூத்த வகுப்பில் படித்த அண்ணன் ஒருவர், ஆண்டு முடிந்ததும் தம் பாடநூல்களுக்குப் பழைய நாளிதழ்த் தாளால் புதிதாக அட்டை போட்டு எங்களிடம் கொடுப்பார். கடினமான சொற்களின் அருகில் பென்சிலால் பொருள் எழுதப்பட்டிருக்கும். தாம் படிப்பதற்காக எழுதிக்கொண்டவை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஒரு கோடை விடுமுறையில் அவர் திண்ணையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டோம். தேர்வு முடிந்துவிட்டது, அந்த நூல் அவருக்கு இனித் தேவையில்லை. அடுத்துப் படிக்க வரும் எங்களுக்காகவே அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

பள்ளி இறுதி வகுப்போடு அவர் படிப்பு நின்றது. பஞ்சாலையில் பதிலித் தொழிலாளியாகச் சேர்ந்தார். அவருடைய நூல்கள் மட்டும் எங்களுக்குப் பின் வந்தவர்களின் கைகளுக்கும் சென்றன. 25 ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் தொடங்கியபோது நாம் முதலில் மேற்கொண்ட பணி பழைய பாடநூல்களைத் திரட்டி வழங்கியது என்பதைப் பெரியோர் அறிவர். அந்தப் பணியின் வித்து அந்தப் பென்சில் எழுத்தே ஆகும்.

மற்றொரு நினைவும் உண்டு. தேசப்படப் புத்தகம் ஒன்றை இரவல் கேட்பதற்காக, உடன் படித்த நண்பன் ஒருவனின் தோட்டத்து வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை சென்றோம். வகுப்பில் எங்களோடு ஒரே பலகையில் அமர்பவன். ஆட்டத்தில் எங்கள் அணியைச் சேர்ந்தவன். படலுக்கு வெளியே நிற்குமாறு வீட்டார் கூறினர். கொட்டாங்குச்சியில் மோர் வந்தது. நண்பன் உள்ளிருந்து எங்களைப் பார்த்தான், வெளியே வரவில்லை. திங்கட்கிழமை காலையில் அப்புத்தகத்தைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தான். ஆண்டு முழுவதும் அதனைத் திருப்பிக் கேட்கவே இல்லை. சனிக்கிழமை நடந்ததைப் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அவன்மீது எங்களுக்குப் பகை இல்லை. பன்னிரண்டு வயதில் தன் கையில் இருந்ததை அவன் கொடுத்தான். படலைத் திறக்கும் அதிகாரம் அன்று அவனிடம் இல்லை. ஆனால் முப்பது வயதில் அந்த வீட்டுக்கு அவனே தலைவன் ஆனான். அப்போதும் படல் திறக்கவில்லை. அவன் திருமணத்துக்கு எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அழைப்பு வரவில்லை. நட்பைப் பற்றி வள்ளுவர் ஐந்து அதிகாரங்கள் பாடினார். அவற்றுள் ஒன்று நட்பாராய்தல். நட்பை ஆராய்வதற்கு நம் நாட்டில் வீட்டு வாசலைப்போன்ற உரைகல் வேறில்லை என்பது நாங்கள் அன்று கற்ற பாடம்.

இவ்விரு வகைத் தோழமையையும் அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலும் காணலாம். பள்ளியில் தனிக் கோணிமேல் அமர்ந்து படித்த சிறுவர் அவர். பணியாள் வந்து குழாயைத் திறந்தாலன்றி அவருக்குத் தண்ணீர் இல்லை. அந்த மாணவர் பம்பாயில் பூங்கா ஒன்றில் அமர்ந்து நாள்தோறும் படிப்பதைக் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர் கவனித்தார். தாமே சென்று பேசினார்; படிக்க நூல்கள் கொடுத்தார். 1907இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக அளித்தார். மேற்படிப்புக்குப் பணமில்லாத நிலையில் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்க வழி செய்தவரும் அவரே. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அண்ணல் பௌத்தம் தழுவினார். 49 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியர் ஒரு மாணவனிடம் கொடுத்த நூலுக்கும் அந்நாளுக்கும் தொடர்பு உண்டு. அண்ணல் தம் இறுதி நூலுக்கு எழுதிய முன்னுரையில் அந்நூலை நன்றியோடு குறிப்பிட்டுள்ளார்.

கொலம்பியாவில் உடன் பயின்ற நவல் பதேனா என்ற பார்சி நண்பரும் இவ்வரிசையில் வைக்கத்தக்கவர். இடையில் நின்ற இலண்டன் படிப்பைத் தொடர 1920இல் அம்பேத்கர் புறப்பட்டபோது, இந்த நண்பர் 5,000 ரூபாய் கடன் கொடுத்து உதவினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜும் துணை நின்றார். நண்பர் கொடுத்த கடனில்லாவிடில் அப்பயணம் மேலும் தள்ளிப்போயிருக்கும்.

இனி மறுபக்கம். 1917இல் அமெரிக்கப் படிப்பை முடித்துப் பரோடா அரசில் உயர்பதவி ஏற்க வந்த அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடியேந்திய கூட்டம் ஒன்று வந்து அவரை வெளியேறச் சொன்னது. அந்நகரில் அவருக்கு இரு நண்பர்கள் இருந்தனர். ஒருவர் இந்து, அம்பேத்கரைத் தம் வீட்டில் தங்கவைத்தால் வேலையாட்கள் நின்றுவிடுவர் என்றார். மற்றவர் கிறித்தவர், மனைவியைக் கலந்துதான் சொல்லவேண்டும் என்றார். இருவரும் நல்லவர்களே, இருவரும் அன்பாகவே பேசினர். ஆனால் அன்றிரவு தங்க இடம் கொடுக்கவில்லை. அண்ணல் பொதுப் பூங்காவில் பல மணி நேரம் காத்திருந்து, இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார். பதேனா போன்ற நண்பரும் அவருக்கு இருந்தார். பரோடா நண்பர்களும் இருந்தனர். நாம் எத்தகைய நண்பராக இருக்கப்போகிறோம் என்பதே இளைஞர் முன் உள்ள கேள்வி.

அந்தக் காலம் போய்விட்டதே என்று சிலர் கூறலாம். 2018இல் நம் கொங்கு மண்ணில், அவிநாசி வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், நம் சமூகப் பெண்மணி சமைத்த சத்துணவைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு வளரட்டும் என்று தொடங்கப்பட்ட சத்துணவிலேயே இது நடந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அதே பள்ளியில் படித்த மாணவர்கள். அம்மாணவர் 2024இல் பொதுத் தேர்வு எழுதித் தேறினார் என்பது நம் நெஞ்சை நிமிரச் செய்யும் செய்தி. இதன் பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கவேண்டும் என்றும், மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்தவேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அருகில் அமர்பவன் யார் என்பது அத்துணைப் பெரிய செய்தி என்பதை ஒரு நீதிபதியின் அறிக்கையே ஒப்புகிறது.

இளைஞர்களே, இவற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டியவை சில.

முதலாவது, சிறு உதவிகள் உரிமைக்கு ஈடாகா. கருணையுள்ள ஒருவரால் ஒரு மாணவனுக்கு வழி திறக்கும். சட்டத்தால் அனைவருக்கும் திறக்கும். இதனை நன்கு அறிந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் எல்லார்க்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவரே. எனவே அன்பு காட்டுவோரிடம் நன்றி பாராட்டுவோம். அந்த நன்றிக்காக உரிமையை விட்டுக்கொடோம்.

இரண்டாவது, மறைந்து வாழவேண்டியதில்லை. கல்லூரி விடுதியிலும் வேலை செய்யும் இடத்திலும் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லும் இளைஞர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்களை நாம் பழிக்கமாட்டோம். மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த மாணவரை யார் பழிப்பர்? ஆனால் மறைத்துப் பெற்ற நட்பு, என்று வெளிப்படுமோ என்ற அச்சத்தோடே வளரும். உங்களை யார் என்று அறிந்தும் உங்களோடு உண்பவனே உங்கள் நண்பன். அத்தகையவன் எந்தச் சாதியில் பிறந்தவனாயினும் அவனைச் சந்தேகிக்காதீர்கள்; கேளுஸ்கரும் பதேனாவும் நம் தெருவில் பிறந்தவர்கள் அல்லர்.

மூன்றாவது, சொல்லக் கூசினாலும் சொல்லியாகவேண்டியது. அருந்ததியர், பறையர், தேவேந்திரர் என்று மூன்று தெருக்களாக இருக்கும் நம்முள், ஒரு தெருவார் மற்றொரு தெருவார் வீட்டில் கை நனைக்கிறோமா? 2009இல் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு வந்தபின் இளைஞர் சிலரிடையே கசப்பு வளர்ந்ததையும் கண்டோம். அண்ணலின் படத்தை ஒரே மேடையில் வைத்து மாலையிட்டுவிட்டுத் தனித்தனிப் பந்தியில் உண்போமாயின், எங்களைப் படலுக்கு வெளியே நிறுத்திய அந்த வீட்டாரைக் குறை கூற நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஆகவே கழகத்தின் அடுத்த 25 ஆண்டுகளுக்கு இரண்டு சிறு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். வரும் கல்வியாண்டில் கல்லூரிக்கு முதன்முதலாகச் செல்லும் நம் பிள்ளை ஒவ்வொருவருடனும், முன்பே அப்படியைக் கடந்த இளைஞர் ஒருவர் உடன் செல்லட்டும். விண்ணப்பத்தை நிரப்பவும், சான்றிதழ் வாங்கவும், விடுதியில் சேர்க்கவும், முதல் மாதம் மனம் சோரும்போது பேசவும் அவர் துணையாகட்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. அரைநாள் விடுப்பும் பேருந்துக் கட்டணமும் போதும். அடுத்து, ஏப்ரல் 14ஆம் நாள் அண்ணல் பிறந்தநாள் விழா முடிந்ததும், நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவைச் சேராத ஒரு குடும்பத்தைத் தம் வீட்டுக்குள் அழைத்து உணவளிக்கட்டும். மறுமுறை அவர்கள் வீட்டுக்குச் சென்று உண்ணட்டும்.

பென்சிலால் பொருள் எழுதிக் கொடுத்த அந்த அண்ணன் இன்று நம்மிடையே இல்லை. அவர் எழுத்துள்ள நூல் ஒன்று மட்டும் கழக நூலகத்தில் உள்ளது. விழா முடிந்ததும் இளைஞர்கள் அதனை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதன் ஓரங்களில் இன்னும் எழுத இடம் இருக்கிறது.