ஓர் எழுத்துப் பிழையும் ஒரு புட்டி மருந்தும்

திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கு, கழுத்து நிற்காத குழந்தைகளைத் தோளில் சாய்த்தபடி பெற்றோர் வருகின்றனர். எஸ்.எம்.ஏ. எனும் தசைச் சிதைவு நோய்க்குச் சிகிச்சை தேடி வருவோர் இவர்கள். நோயின் வேர் எங்குள்ளது?

மரபணுவின் செய்தி முதலில் ஆர்.என்.ஏ. எனும் நகலாகிறது. அதில் இடையிடையே வேண்டாத பகுதிகள் உண்டு. செல் அவற்றை வெட்டி நீக்கி, எஞ்சிய எக்ஸான்களை வரிசையாக ஒட்டுகிறது. 1977இல் வெளியான இவ்வுண்மைக்காக ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் ஆகியோர் 1993இல் நோபல் பரிசு பெற்றனர். வெட்டும் இடம் தவறினால் மரபணு இருந்தும் பயனில்லை. இந்தியரிடையே பீட்டா தலசீமியாவுக்குப் பெரிதும் காரணமான மரபணு மாற்றமும் இவ்வகையினதே.

இயக்க நரம்பணுக்களைக் காக்கும் எஸ்.எம்.என். புரதத்திற்கு இரு மரபணுக்கள் உள்ளன. முதலாவது பழுதுற்றால் இரண்டாவது கைகொடுக்க வேண்டும். ஆனால் அதன் ஏழாம் எக்ஸானில் ஓர் எழுத்து மாறியிருப்பதால், செல் பெரும்பாலும் அப்பகுதியைத் தாண்டியே ஒட்டிவிடுகிறது. முழுப் புரதம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கிடைக்கிறது. 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிஸ்டிப்லாம் எனும் வாய்வழி மருந்து, விடுபட்ட எக்ஸானைச் சேர்க்கும்படி செல்லைத் தூண்டுகிறது. மரபணுவை அது மாற்றுவதில்லை. ஆதலால் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது தகும். ஒரு புட்டியில் 60 மில்லிகிராம். இருபது கிலோ எடையைத் தாண்டியவருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். புட்டி 12 நாள் வரும். ரோச் நிறுவனத்தின் விலை புட்டிக்கு ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் 50 லட்ச ரூபாய் உச்சவரம்பு, அவ்விலையில் எட்டுப் புட்டிக்கே சரியாகும். அதாவது 96 நாள்! தொண்ணூற்றேழாம் நாள் குறித்துக் கொள்கை ஏதும் கூறவில்லை.

கேரள அரசு சிறு குழந்தைகளுக்கு இம்மருந்தை இலவசமாக அளிக்கத் தொடங்கி, 2024இல் வரம்பைப் பன்னிரண்டு வயதுவரை உயர்த்தியது. காப்புரிமை வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததும், நாட்கோ நிறுவனம் தன் மருந்தைப் புட்டி 15,900 ரூபாய்க்கு வெளியிட்டது. அவ்விலையிலும் ஆண்டுக்குச் சுமார் முப்பது புட்டிக்கு ஏறத்தாழ 4.8 லட்சம் ரூபாய் ஆகும். மாதச் சம்பளக் குடும்பத்திற்கும் இது எளிதன்று.

இறந்த நரம்பணுவை எம்மருந்தும் மீட்பதில்லை. பிறந்த சில நாட்களில் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டே இக்குறையைக் கண்டறிய இயலும். அச்சோதனையின் செலவு எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும் என்பதே இனி எழும் வினா.