கண்ணுக்கு ஏற்ற கணினித் திரை

(பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"என் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் ஏறவே மாட்டேங்குதுங்க, டீச்சர்" என்று பெற்றோர் சிலர் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. ஏறவில்லை என்று தீர்ப்புச் சொல்லுமுன் ஒன்றைக் கவனியுங்கள். திரையில் உள்ள எழுத்து அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிறதா? கழுத்தை நீட்டிப் பார்க்கிற பிள்ளையை, கண்ணைச் சுருக்குகிற பிள்ளையை, பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுக் கேட்டு எழுதுகிற பிள்ளையை, 'மந்தம்' என்று ஒதுக்கிவிடுவது சுலபம். பார்வைக் குறையை அறிவுக் குறையாக எண்ணுவது அநியாயம் அல்லவா?

நம் தமிழ் எழுத்துக்கு இது மிக முக்கியம். திரையில் காண்பதெல்லாம் சின்னஞ்சிறு ஒளிப்புள்ளிகளால் ஆனவை. எழுத்து சிறுத்தால் அதற்குக் கிடைக்கும் புள்ளிகளும் குறையும். அப்போது ரெண்டு சுழி 'ன'வும் மூணு சுழி 'ண'வும் ஒன்றுபோலத் தோன்றும். மனமும் மணமும் ஒன்றாகிவிடும். மெய்யின் தலையில் உள்ள புள்ளி மறைந்தால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். பிள்ளை தவறாக வாசித்தால் தமிழ் தெரியவில்லை என்கிறோம். தெரியாதது தமிழா, புள்ளியா?

இதற்கு வழி கணினிக்குள்ளேயே இருக்கிறது. திரையைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கி 1998இல் வந்த விண்டோஸ் 98இலேயே இருந்தது. பத்துக் காசு செலவில்லை.

முதலாவது, இணையப் பக்கம் படிக்கும்போது கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டுங்கள், எழுத்து பெரிதாகும். கழித்தல் குறி சிறிதாக்கும். பூஜ்யம் பழைய அளவுக்குக் கொண்டுவரும்.

இரண்டாவது, நாலு கட்டம் போட்ட விண்டோஸ் விசையோடு ஆங்கில 'யூ' எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள். கணினி மலாயில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் பார்வை வசதிகள் உள்ள பக்கம் திறக்கும். விண்டோஸ் 11இல் எழுத்தின் அளவை 100 விழுக்காட்டிலிருந்து 225 விழுக்காடு வரை அங்கே கூட்டலாம். வெள்ளைத் திரை கண்ணைக் கூசினால், கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து வரும்படியும் அதே பக்கத்தில் மாற்றலாம்.

மூன்றாவது, விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் நான் சொன்ன உருப்பெருக்கி வரும். படத்தையும் வரைபடத்தையும் கூட அது பெரிதாக்கும். மூடுவதற்கு விண்டோஸ் விசையோடு 'எஸ்கேப்' விசை.

இவற்றோடு, சன்னல் வெளிச்சம் திரையில் நேராக விழாதபடி கணினியைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். எழுத்தைப் பெரிதாக்கிவிட்டோம், இனிக் கண்ணாடி எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். திரையில் சிரமப்படுகிற பிள்ளை கரும்பலகையிலும் சிரமப்படலாம். கரும்பலகைக்கு விசை இல்லையே! ஒரு நாள் வேலை போனாலும் பரவாயில்லை, கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

மாணவச் செல்வங்களே, எழுத்து தெரியவில்லை என்றால் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். அது வெட்கப்படும் காரியமன்று. பெரிய எழுத்தில் படிக்கிற நண்பனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பள்ளிக் கணினி எல்லாருக்கும் பொது. உங்கள் வேலை முடிந்ததும் பழைய அளவுக்கு மாற்றிவிட்டு எழுந்திருங்கள்.

சட்டை சிறிதாகிவிட்டால் பிள்ளையின் கையையா வெட்டுகிறோம்? சட்டையைத்தானே பெரிதாகத் தைக்கிறோம். திரையும் அப்படியே. பிள்ளைக்கு ஏற்றபடி திரையை மாற்றுவோம். அதற்குப் பிறகு அவன் படிப்பை அளந்து பார்ப்போம்.