கணிப்பொறிப் பணிகளின் தரமும் சோதனையும்

(மீனாட்சிபுரத்தில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த மீனாட்சிபுரம், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சிச் சாலை கேரளத்துக்குள் நுழையும் எல்லையில் அமைந்துள்ளது. கேரள அரசின் பால்வள மேம்பாட்டுத் துறை இங்கு ஒரு பால் சோதனைச் சாவடியை நடத்திவருவதைத் தாங்கள் அறிவீர்கள். தமிழகத்திலிருந்து வரும் பால் வண்டி நிறுத்தப்படுகிறது, மாதிரி எடுக்கப்படுகிறது. வந்திருப்பது பால்தானா, சீட்டில் கண்ட அளவு உள்ளதா என்பதோடு சோதனை முடிந்துவிடுவதில்லை. கலப்படம் உண்டா, கெடாமலிருக்க ஏதேனும் சேர்க்கப்பட்டுள்ளதா, கொழுப்பு உரிய அளவில் உள்ளதா என்பனவும் பார்க்கப்படுகின்றன. பாலுக்கு இவ்வளவு செய்யும் நாம், பொதுமக்கள் நாள்தோறும் நம்பியிருக்கும் கணிப்பொறிப் பணிகளுக்கு இதைச் செய்கிறோமா என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

ஒரு மென்பொருளைச் சோதிப்பது என்றால், பெரும்பாலோர் நினைப்பது, அது சொன்ன வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பதையே. பெயரையும் எண்ணையும் இட்டால் சீட்டு வருகிறதா? வந்தால் தேர்ச்சி. இது செயற்பாட்டுச் சோதனை, இன்றியமையாததுதான். ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அந்தச் சீட்டு வரும், எவ்வளவு விரைவில் வரும், மின்சாரமோ இணைப்போ இடையில் அறுந்தால் என்னவாகும், கெட்ட எண்ணத்தோடு வருபவனை அது தடுக்குமா என்ற வினாக்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. இவற்றைச் செயல்சாராப் பண்புகள் என்பர். 2011-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தர வரையறையான ஐ.எஸ்.ஓ. 25010, மென்பொருளுக்கு எட்டுப் பண்புகளைக் கூறிற்று. அவற்றுள் செயற்பாடு ஒன்றே ஒன்று. விரைவு, நம்பகம், பாதுகாப்பு, பயன்படுத்தும் எளிமை, பராமரிக்கும் வசதி போன்றவை எஞ்சிய ஏழு. நம் அலுவலகங்களின் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் இந்த விகிதம் தலைகீழாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதன் விளைவை இந்த எல்லைச் சாலையிலேயே காணலாம். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வாளையாறு முதலான இடங்களின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. மணிக்கணக்கில் லாரிகள் நின்ற வரிசை மறைந்தது என்று மகிழ்ந்தோம். உண்மையில் வரிசை மறையவில்லை. சாலையிலிருந்து கணிப்பொறிக்குள் இடம் மாறிற்று. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்குக்கு மின்வழிச்சீட்டு, அதாவது ஈ-வே பில், பெற்ற பின்னரே வண்டி புறப்பட வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. பாலுக்கும் புதிய காய்கறிக்கும் விலக்கு உண்டு. கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் இல்லை. சாலையில் நின்ற வரிசையை யாரும் கண்ணால் பார்த்து எண்ணலாம். சர்வருக்குள் நிற்கும் வரிசையைச் சோதனையால் மட்டுமே காண முடியும்.

மின்வழிச்சீட்டு முறை 2018 ஜனவரி 16 முதல் விருப்பமுள்ளோருக்கான வெள்ளோட்டமாக நடந்தது. பிப்ரவரி 1 அன்று கட்டாயமாக்கப்பட்டது. அன்றே வலைத்தளம் தடுமாறிற்று. சீட்டு எடுக்க இயலாமல் வண்டிகள் காத்துக்கிடக்க, தொழில்நுட்ப இடர்ப்பாட்டைக் காரணம் காட்டி அரசு அன்றைய தினமே கட்டாயத்தைத் தள்ளிவைத்தது. சீட்டை உருவாக்கும் செயற்பாடு வெள்ளோட்டத்தில் இயங்கத்தான் செய்தது. ஆயினும் விருப்பத்தின் பேரில் வருபவர் தொகை வேறு, சட்டத்தின் பேரில் வருபவர் தொகை வேறு. முன்னதைக் கொண்டு பின்னதை அளக்க இயலாது.

இரண்டாம் முறை நடந்தது நல்ல பாடம் என்பேன். தேசியத் தகவலியல் மையம் நாளொன்றுக்கு 75 லட்சம் சீட்டுகள் வரை தாங்கும் வகையில் அமைப்பை வலுப்படுத்தியதாக அறிவிக்கப்பட்டது. 2018 ஏப்ரல் 1 அன்று மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்துக்கு மட்டும் கட்டாயம் வந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாநிலத்துக்குள்ளான போக்குவரத்து தவணை தவணையாகச் சேர்க்கப்பட்டது. கேரளம் ஏப்ரல் 15 அன்று, ஐந்து மாநிலங்களுள் ஒன்றாக இணைந்தது. தமிழ்நாடு ஜூன் 2 அன்று. ஆகவே பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வரும் கொப்பரை லாரிக்கு ஏப்ரல் முதல் நாளிலும், மீனாட்சிபுரத்திலிருந்து சித்தூர் செல்லும் லாரிக்கு அதற்கு இரு வாரங்கள் கழித்தும், பொள்ளாச்சியிலிருந்து கோவை செல்லும் லாரிக்கு ஜூனிலும் சீட்டு தேவைப்பட்டது. ஒவ்வொரு தவணையும் அடுத்த தவணைக்கான சுமைச் சோதனையாக அமைந்தது. 2023 அக்டோபரில் ஒரே மாதத்தில் 10 கோடிக்கு மேற்பட்ட சீட்டுகள் எடுக்கப்பட்டன.

சுமை கூடும்போது பணி ஏன் சிறிது சிறிதாக நலியாமல் திடீரென முடங்குகிறது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். கோபனேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்னும் கணித அறிஞர் 1909-இல் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு இதற்கு விடை தருகிறது. ஒருவர்பின் ஒருவராகப் பணி செய்யும் ஒரு சாளரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் திறனில் பாதி பயன்படும்போது, ஒருவர் வந்து வேலை முடித்துச் செல்லச் சராசரியாக ஆகும் நேரம், பணி நேரத்தைப்போல் இரு மடங்கு. திறனில் 80 விழுக்காடு பயன்படும்போது ஐந்து மடங்கு. 90-இல் பத்து மடங்கு. 95-இல் இருபது மடங்கு. எளிமையான கணக்குதான், மெய்யான சர்வர்கள் இதைவிடச் சிக்கலானவை. ஆனால் வளைகோட்டின் போக்கு இதுவே. எண்பதில் நன்றாக ஓடுகிறது என்று மனநிறைவு கொள்பவர், தொண்ணூற்றைந்தில் நிகழப்போவதை அறியமாட்டார். எதிர்பார்க்கும் உச்சத்தையும் தாண்டி, முறியும் மட்டும் செயற்கைச் சுமையை ஏற்றிப் பார்ப்பது இதற்காகவே.

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில், சராசரி என்னும் எண்ணின் மீது எனக்கு ஐயம் உண்டு. வருமானவரிக் கணக்குத் தாக்கலைப் பாருங்கள். 2023 ஜூலை 31 வரை 6.77 கோடி கணக்குகள் தாக்கலாயின. ஏப்ரல் முதல் நாளிலிருந்து சமமாகப் பகிர்ந்தால் நாளுக்குச் சுமார் ஐந்தரை லட்சம், விநாடிக்கு ஆறு அல்லது ஏழு. நிகழ்ந்ததோ வேறு. கடைசி நாளில் மட்டும் 64.33 லட்சம். அன்று மாலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையே 4.96 லட்சம். ஒரு விநாடியின் உச்சம் 486. சராசரியை நம்பித் திட்டமிட்டிருந்தால் தேவையில் எழுபதில் ஒரு பங்குகூட இருந்திராது. அன்று தளம் தாங்கி நின்றது. 2021 ஜூனில் புதிதாகத் தொடங்கப்பட்டபோது அதே தளம் பட்ட பாடும், அவ்வாண்டின் கெடு டிசம்பர் 31 வரை நீண்டதும் தாங்கள் அறிந்ததே.

இங்கு அலுவலர்கள் கவனிக்க வேண்டியது, இத்தகைய உச்சங்களை உருவாக்குபவர்கள் நாமே என்பது. கடைசித் தேதியை நாம் குறிக்கிறோம். தட்கல் பயணச்சீட்டுக் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் திறக்கும் என்று ஆணை இடுகிறோம். ஆணையில் கையொப்பமிடும்போதே, அந்த மணியில் வரும் கூட்டத்தின் அளவு என்ன என்று எழுதிவைப்பது கடினமன்று. எழுதாமல் விட்டுப் பின்னர் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவது முறையன்று.

ரேஷன் கடைக்கு வருவோம். 2022 ஜனவரியில் கேரளத்தின் கைரேகைக் கருவிகள் சர்வர் சுமையால் தடைபட்டபோது, மாவட்டங்கள் இரு கூறாக்கப்பட்டன. ஒரு கூற்றுக்கு முற்பகலும் மறு கூற்றுக்குப் பிற்பகலும் ஒதுக்கப்பட்டன.  சுமையைப் பகிர்ந்தளிக்கும் தற்காலிக ஏற்பாடாக இதைக் குறைகூற மாட்டேன். ஆனால் இதன் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது? ஒரு கடையில் நாற்பது பேர் இரண்டு மணி நேரம் வீணே காத்திருந்தால் எண்பது மணி நேர உழைப்பு, அதாவது பத்து ஆள்களின் ஒருநாள் கூலி போகிறது. அது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. சர்வருக்குச் செலவிடாமல் மிச்சம் பிடித்த தொகை மட்டும் சிக்கனமாகக் காட்சியளிக்கிறது.

நம்பகத்தை விழுக்காட்டில் கூறும் வழக்கம் உண்டு. 99 விழுக்காடு என்றால் தேர்வு மதிப்பெண்போல் ஒலிக்கிறது. கணக்கிட்டால், ஆண்டுக்கு 87 மணி நேரத்துக்கு மேல் பணி நின்றிருக்கலாம் என்று ஒப்பந்ததாரருக்கு நாம் இசைவு தந்ததாக ஆகிறது. 99.9 என்றால் ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவு. அந்த மணிகள் நள்ளிரவில் வருகின்றனவா, மாதக் கடைசியின் ரேஷன் நாளில் வருகின்றனவா என்பதும் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட வேண்டும். சோதனை நிகழும் இடமும் முக்கியம். திருவனந்தபுரத்தின் குளிரூட்டிய அறையில் மூன்று விநாடியில் முடிவது, அலைவரிசை நலிந்த தேவிகுளம் மலைத்தோட்டத்தில் என்னவாகிறது என்று அங்கேயே சென்று பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு தனித்த இயல்புடையது. சுமையைக் கருவியால் உருவாக்கலாம். திருடனின் அறிவை அவ்வாறு உருவாக்க இயலாது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, தகவல்கள் பூட்டப்பட்டன. ஏறத்தாழ இரண்டு வார காலம் நோயாளர் பதிவு முதலான பணிகள் கையால் எழுதியே நடந்தன. வலைப்பின்னல் முறையாகப் பகுக்கப்படாததே தாக்குதலுக்கு வழிவிட்டதென அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்திய நாள் வரை நோயாளர் பதிவு மென்பொருள் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. செர்ட்-இன் அமைப்பு அங்கீகரித்த தணிக்கையாளர்களின் சான்றிதழ் நம்மிடம் கோப்பில் இருக்கும். சான்றிதழ் அதன் தேதிக்குரிய நிலையைத்தான் கூறும். மென்பொருளில் மறுநாள் ஒரு மாற்றம் செய்தால் அந்தப் பகுதியை மீண்டும் சோதிக்க வேண்டும். சேமிப்பு நகல்களிலிருந்து பணியை மீட்க எத்தனை மணி ஆகும் என்பதை உண்மையாகவே மீட்டுப் பார்த்து அறிய வேண்டும். நகல் இருக்கிறது என்ற உறுதிமொழி போதாது.

எனவே ஒப்புதல் அளிக்கும் அலுவலர் தொழில்நுட்ப வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. எண்களைக் கேட்கத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். உச்ச வேளையில் நூற்றில் 95 பேருக்கு எத்தனை விநாடிக்குள் விடை கிடைக்கும்? எந்தச் சுமையில் முறியும்? முறிந்தால் கடைக்காரர் அரிசி தருவது எவ்வாறு? இவை ஒப்பந்தப்புள்ளி வெளியிடும் நாளிலேயே எழுதப்பட்டால் விலையில் சேரும். பின்னர் கேட்டால் வழக்காக மாறும். சோதனையைச் செய்தவர் எழுதியவரிடமிருந்து வேறானவராக இருத்தலும் வேண்டும். மத்திய அரசின் மின்னணுத் துறையில் 1980 முதல் இயங்கும் எஸ்.டி.க்யூ.சி. அமைப்பின் ஆய்வகங்கள் இப்பணிக்கெனவே உள்ளன.

எல்லைப் பகுதிக்கென இன்னும் ஒரு வினா உண்டு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தம் பகுதி அலுவலகங்களோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தவும், தமிழிலேயே விடை பெறவும் உரிமை அளிக்கிறது. கைரேகை ஏற்கப்படாதபோது கருவி காட்டும் செய்தியும், அடித்துத் தரும் சீட்டும் சித்தூர் வட்டத்துத் தமிழ் மூதாட்டிக்குப் புரிகின்றனவா என்பதைச் சோதனைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்து, இங்குள்ள கடை ஒன்றில் பத்துப் பேரை வைத்தே பார்த்துவிடலாம். அதற்கு ஒரு முற்பகல் போதும்.